பழைய டி500 பாடி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பறவைப் படம் எடுக்கப் பழைய கேமரா பாடி (லென்ஸ் இல்லாத கேமரா மட்டும்) தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சீட்டுக் கட்டிச் சேர்த்த 58,000 ரூபாயை நான் இதில் இழந்திருக்கிறேன்.

என்னிடம் நிக்கான் 200-500 லென்ஸும் டி5300 பாடியும் இருந்தன. பறவை உட்கார்ந்திருக்கும்வரை அந்த பாடி போதும். பறக்க ஆரம்பித்தால் நொடிக்கு 5 படம்தான், அதுவும் சுருக்காத 'ரா' (RAW) கோப்பாக எடுத்தால் சீக்கிரமே மூச்சு வாங்கிவிடும். நிக்கானின் டி500 வேறு ரகம். 2016இல் வந்தது, 20.9 மெகாபிக்சல், நொடிக்கு 10 படம், 153 ஃபோகஸ் புள்ளிகள். கிராப் சென்சார், அதாவது அளவில் சின்ன சென்சார் என்பதால் 500 மி.மீ. லென்ஸில் 750 மி.மீ. அளவுக்கு நெருக்கம் கிடைக்கும். இப்போது புதிதாகத் தயாரிப்பதில்லை. பலர் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிவிட்டதால் பழையது நிறையக் கிடைக்கிறது. இந்தத் தேர்வு தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். வாங்கிய விதம்தான் தப்பு.

சென்னையில் பழைய கேமரா விற்கும் ஒரு கடை. பாளையங்கோட்டையிலிருந்து ராத்திரி பஸ் ஏறிப் போனேன். பாடி புதுசு போலப் பளபளவென்று இருந்தது. கடைக்காரர் தன் லேப்டாப்பில் ஒரு படத்தைத் திறந்து ஷட்டர் கவுண்ட்டை, அதாவது அந்த கேமரா இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற கணக்கைக் காட்டினார்: 18,240. "பாருங்க சார், 2 லட்சம் தாங்குற ஷட்டர். பத்துல ஒரு பங்கு கூட ஓடல." நானும் அந்தத் திரையை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். அவருடைய சின்ன 18-55 லென்ஸை மாட்டி, கல்லாவில் இருந்த காலண்டரை எடுத்துப் பார்த்தோம். துல்லியமாக இருந்தது. என் லென்ஸை ஊரிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

அடுத்த ஞாயிறு விடியற்காலையில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். அந்த ஊரில் வீட்டு வாசல் மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டும், யாரும் விரட்ட மாட்டார்கள். நான் போனது வரித்தலை வாத்துகளுக்காக. இமயமலையைத் தாண்டி வருகிற பறவை அது. ஒரு கூட்டம் கரையோரம் மேய்ந்துகொண்டிருந்தது, பதினைந்து மீட்டர் கூட இருக்காது. அவ்வளவு பக்கத்தில் அதுவரை எனக்குக் கிடைத்ததே இல்லை. முந்நூறு படத்துக்கு மேல் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால், வாத்தின் கண் மங்கல். தலையில் இருக்கும் இரண்டு கறுப்பு வரிகளும் கரைந்து கிடக்கின்றன. அதற்குப் பின்னால் நிற்கும் புல்லின் நுனியில் பனித்துளி கூடத் தெளிவாகத் தெரிகிறது. ஒன்றிரண்டு இல்லை, எல்லாப் படமும் அப்படித்தான்.

டி500 போன்ற டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் பெரிய கண்ணாடிக்குப் பின்னால் சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு. அதுதான் அடியில் இருக்கும் ஃபோகஸ் சென்சாருக்கு வெளிச்சத்தை அனுப்புகிறது. பாடி கீழே விழுந்து அது கொஞ்சம் அசைந்தாலும் ஃபோகஸ் தள்ளிப் போகும். 18-55இல் காலண்டர் எடுக்கும்போது இது தெரியவே தெரியாது. 500 மி.மீ.யில் எஃப்5.6 வைத்துப் பதினைந்து மீட்டரில் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒரு சாண்தான். பத்து மீட்டரில் அதில் பாதி கூட இல்லை.

சந்தேகம் வந்து மெனுவில் ஏஎஃப் ஃபைன் டியூன் பக்கத்தைத் திறந்தேன். ஃபோகஸை முன்னே பின்னே நகர்த்தித் திருத்தும் இடம் அது. டிஃபால்ட் மதிப்பு -20. அதற்கு மேல் குறைக்க முடியாது. ஃபோகஸ் பின்னால் விழுவது முன்பே யாருக்கோ தெரிந்திருக்கிறது, முடிந்த மட்டும் முன்னால் இழுத்து வைத்துத் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

அப்புறம்தான் கடையில் எடுத்த ஃபோன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஷட்டர் கவுண்ட்டுக்கு நாலு வரி மேலே சீரியல் எண் இருந்தது. என் பாடியில் இருப்பது வேறு எண். இன்னொரு கேமராவின் படத்தைத் திறந்து காட்டியிருக்கிறார்! நானே ஒரு படம் எடுத்து, படத்துக்குள் பதிந்திருக்கும் விவரங்களைக் காட்டும் எக்ஸிஃப்டூல் மென்பொருளில் போட்டுப் பார்த்தேன்: 1,86,000க்கு மேல். சர்வீஸ் சென்டரில் இருந்தவர் ஸ்க்ரூக்களைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார், "சார், இதை ஏற்கெனவே யாரோ திறந்திருக்காங்க."

கடைக்கு ஃபோன் செய்தால், "அது நாங்க கொடுத்த பாடிதான்னு என்ன ஆதாரம்?" என்று கேட்கிறார். பில்லை எடுத்துப் பார்த்தேன். "யூஸ்டு கேமரா 1" என்று மட்டும்தான் இருக்கிறது. சீரியல் எண்ணே இல்லை.

அதனால் போகும்போது உங்கள் பெரிய லென்ஸ், உங்கள் கார்டு, உங்கள் லேப்டாப் மூன்றையும் எடுத்துப் போங்கள். படத்தை நீங்களே எடுத்து நீங்களே திறந்து, அதில் இருக்கும் சீரியல் எண்ணைப் பாடியோடு ஒப்பிடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்த விவரங்கள் அழிந்துவிடும், அதை நம்ப வேண்டாம். கேனான் டிஎஸ்எல்ஆர் பலவற்றில் கவுண்ட் படத்திலேயே இருக்காது, கேபிள் போட்டு மென்பொருளில்தான் பார்க்க முடியும். ஃபோகஸுக்குத் தெருவில் தூரத்தில் இருக்கிற ஒரு போர்டு போதும். ட்ரைபாடில் வைத்து வியூஃபைண்டர் வழியாக ஒரு படம், லைவ் வியூவில் (பின்பக்கத் திரையில் பார்த்து) ஒரு படம் எடுங்கள். லைவ் வியூ அந்தச் சின்னக் கண்ணாடியை நம்பாமல், படம் பதியும் சென்சாரிலிருந்தே ஃபோகஸ் செய்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் வாங்காதீர்கள். எல்லாம் சரியாக இருந்தாலும், பில்லில் சீரியல் எண் எழுதாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. புகார் போனதும் கடைக்காரர் இறங்கி வந்து, பாடியைத் திருப்பிக் கொடுத்தால் 22,000 தருகிறேன் என்றார். கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கொடுத்தால் அடுத்த வாரமே அதே 18,240ஐக் காட்டி இன்னொருவர் தலையில் கட்டிவிடுவார்.