குன்னூர் ஓவியக் கடையில் ஒரு துணிக்கொடி

குன்னூர் பெட்போர்டு பகுதியில் ஓவியங்களின் அச்சுப் பிரதிகளை மட்டும் விற்கும் சிறிய கடை ஒன்று இருக்கிறது. மலை ரயிலும் காட்டெருமையும் முன்னால் தொங்க, பெண்கள் மீதான சீண்டலையும் ஊர்வாயையும் பொருளாகக் கொண்டு இங்குள்ள பெண்கள் சிலர் வரைந்த சுவரொட்டிகளுக்கு உள்ளறையை ஒதுக்கியிருக்கிறார்கள்.

அவற்றுள் சிறந்தது ஒரு துணிக்கொடி. பள்ளிச் சீருடை, சேலைக்கு மேல் போடும் ஸ்வெட்டர், நர்ஸ் கோட்டு, கம்பளிச் சால்வை ஆகியவை காய்கின்றன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் 'பஸ் ஸ்டாண்டு', 'எஸ்டேட் பாதை', 'டியூஷன்' என்று சீண்டல் நடந்த இடம் மட்டும் பொடி எழுத்தில் இருக்கிறது. பெங்களூரில் 2003இல் ஜஸ்மீன் பதேஜா தொடங்கிய 'பிளாங்க் நாய்ஸ்' என்ற இயக்கம், சீண்டலுக்கு ஆளான பெண்கள் அந்த நேரத்தில் அணிந்திருந்த உடைகளைச் சேகரித்து வருவதை அறிந்தவர்களுக்கு இதன் வேர் புரியும். ஆனால் குளிருக்குப் பயந்து எல்லாரும் கழுத்துவரை போர்த்திக்கொண்டு நடக்கும் இந்த மலையில், ஒழுங்காக உடுத்தினால் எவன் சீண்டுவான் என்ற உபதேசம் எவ்வளவு அபத்தமானது என்பதை இந்தப் படம் ஒரு வாக்கியமும் எழுதாமல் காட்டிவிடுகிறது.

இன்னொன்றில், கொழுந்து பறிக்கும் பெண் நிமிர்ந்து பார்க்கையில் அவள் கண்ணில் படுவது வரையப்பட்டிருக்கிறது: சாலையோரம் வரிசையாக நீட்டப்பட்ட செல்போன்கள், அவற்றின் பின்னே முகமில்லாத சுற்றுலாப் பயணிகள். கேட்காமல் படமெடுப்பதைச் சீண்டலோடு சேர்க்கலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சேர்த்தது சரி என்பேன்.

பாவாடையின் ஒவ்வோர் உயரத்துக்கும் ஊர் சூட்டும் பட்டப்பெயரைக் காலிலேயே எழுதிக் காட்டி, 2013இல் இணையத்தில் பரவிய கனடா மாணவி ரோசியா லேக்கின் புகைப்படத்தை அப்படியே சேலைக்கு மாற்றியிருக்கும் படம் மட்டும் பொருந்தவில்லை. சேலை கட்டியவளிடம் ஊர் அளப்பது கணுக்காலை அல்ல. இடுப்பையும் முதுகையும் மாராப்பையும்தான். சங்கிலி, கண்ணீர் வகைப் படங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அச்சு தெளிவாகவும் தாள் கனமாகவும் இருக்கின்றன. சட்டம் போட்டு வாங்க வேண்டாம். கண்ணாடியைத் தாளோடு ஒட்டவைத்தே தருகிறார்கள், இங்குள்ள ஈரத்தில் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். சுருட்டி வாங்கிக்கொண்டு வெளியில் சட்டமிடுவது நல்லது.

குடும்பமாக வருபவர்கள் தயங்குகிறார்கள் என்பதால்தான் இவற்றை உள்ளே வைத்திருப்பதாகக் கடைக்கார அம்மா சொன்னார். வியாபாரக் கணக்கு புரிகிறது, மனம்தான் ஒப்பவில்லை. அமெரிக்க ஓவியர் தாதியானா ஃபஸ்லலிசாதே 2012இல் நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கி, தான் பேசிப் பார்த்த பெண்களின் முகங்களை வரைந்து ஒட்டியது தெருச்சுவர்களில்; சீண்டுபவன் நிற்கும் இடமும் அதுதானே. துணிக்கொடிப் படத்தையாவது மெல்லிய தாளில் மலிவாக அச்சிட்டால் மகளிர் விடுதிகளும் எஸ்டேட் பள்ளிகளும் வாங்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த சீசனுக்குள் பார்க்கலாம் என்றார்.