லேஸ் திரை விரிக்கும் மடக்குச் சட்டம்: பலகையை அப்புறம் பாருங்கள், முதலில் முள்ளைப் பாருங்கள்

பருத்தி நூல் லேஸ் திரையைத் துவைத்துக் கொடியில் போட்டால் நீளத்தில் இரண்டு மூன்று அங்குலம் குறைந்து, ஓரம் அலையடித்து, நடுவில் கொடியின் தடத்தோடு காயும். இஸ்திரி போட்டுச் சரிசெய்யலாம் என்றால் வலைக்கண் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொள்ளும். புடைத்து நிற்க வேண்டிய பூ தட்டையாகிவிடும். இந்தத் தொல்லைக்கு என்றே வந்ததுதான் விரிப்புச் சட்டம். நான்கு சட்டப் பலகை, ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன முள், மூலைக்கு ஒரு திருகு. ஈரத் திரையை முள்ளில் மாட்டி அதன் பழைய அளவுக்கே இழுத்து நிறுத்திவிட்டால், காய்ந்து எடுக்கும்போது புதுத் துணி போல நேராக இருக்கும். இஸ்திரி வேண்டாம்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. தஞ்சாவூர், கும்பகோணம் ஜவுளிக்கடைகளில் இன்று லேஸ் ஸ்கிரீன் என்று விற்பதில் பெரும்பகுதி பாலியஸ்டர். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகிச் சுருண்டு கடுகு மாதிரி உருண்டையாக நின்றால் பாலியஸ்டர். பாலியஸ்டர் துவைத்தால் சுருங்காது, உதறிப் போட்டாலே போதும். அதற்கு இந்தச் சட்டம் வீண் செலவு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல வீடுகளில் இருந்த சட்டம் செயற்கை நூல் வந்த பிறகு பரணுக்குப் போனதும் இதனால்தான். காரைக்கால், நாகப்பட்டினம் பக்கத்துப் பழைய வீடுகளின் உயரமான சன்னல்களில் பருத்தி லேஸ் தொங்குகிறதென்றால், அல்லது லேஸ் கரை வைத்த ஆலயப் பீடத்துணிகளைப் பராமரிக்கும் பொறுப்பு உங்களிடம் இருக்கிறதென்றால், மேலே படியுங்கள்.

இங்கே எடுத்துக்கொள்வது மரத்தில் செய்த மடக்குச் சட்டம். நெடும்பலகை இரண்டும் எட்டரை அடி, குறுக்குப் பலகை இரண்டும் ஐந்தரை அடி. இரண்டு அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம். நெடும்பலகை நடுவில் கீல் வைத்துப் பாதியாக மடங்கும். அங்குலத்துக்கு ஒரு முள் என்று நான்கு பலகையிலும் சேர்த்து முந்நூற்று முப்பதுக்குக் கொஞ்சம் கூடவே வரும். பலகையின் முகத்தில் அங்குல அளவு பொறித்திருக்கிறது. பின்னால் ஒரு முட்டுக்கால்.

முள்ளிலிருந்து தொடங்குவோம். டெல்டாவில் இந்தச் சட்டம் நல்லதா கெட்டதா என்பதை முள்தான் முடிவு செய்கிறது. வேதாரண்யத்திலிருந்து தரங்கம்பாடி வரை கடலோரக் காற்றில் உப்பு இருக்கிறது. உள்ளே தள்ளி மன்னார்குடி, திருவாரூர் பக்கம் உப்பு குறைவு, ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கும் ஈரம். நிக்கல் முலாம் பூசிய இரும்பு முள் பார்க்கப் பளபளவென்று இருக்கும். முலாம் முதலில் தேய்வது கூர் முனையில். துணி உரசுவதும் அங்கேதான். ஒரு மழைக்காலம் தாண்டினால் முனையில் பழுப்பு தட்டிவிடும். அதில் ஈரத் திரையை மாட்டினால், திரையின் கரை நெடுக அங்குலத்துக்கு ஒரு துருப்பொட்டு, அளவெடுத்துத் தையல் போட்டது மாதிரி வரிசையாக விழும். அந்தக் கறைக்கு ப்ளீச் ஊற்றினால் இன்னும் கெட்டிப்பட்டுவிடும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து, ஈரம் காய்வதற்குள் நல்ல தண்ணீரில் மூன்று முறை அலச வேண்டும். அலசாமல் விட்டால் புளிப்பு நூலையே தின்றுவிடும்.

பித்தளை முள் துருப்பிடிக்காது, ஆனால் கடலோரத்தில் பச்சை பூக்கும். உள்நாட்டுக்குப் பித்தளை போதும். ஒவ்வொரு முறையும் மாட்டுவதற்கு முன் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துவிட்டால் சரி. கடலுக்கு அருகில் இருப்பவர்கள் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) முள் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல் ஒரு காந்தத் துண்டைக் கொண்டு போங்கள். இரும்பு முள் டக்கென்று இழுத்து ஒட்டும். பித்தளை அசையாது. எஸ்.எஸ். கம்பி லேசாக இழுக்கலாம்; கம்பியாக இழுத்தெடுக்கும்போது அதற்குக் கொஞ்சம் காந்தப் பிடிப்பு வந்துவிடும், அதனால் பயமில்லை. ஒரே சட்டத்தில் இரண்டு வகை முள்ளும் கலந்திருப்பது உண்டு. நான்கு பலகையிலும் அங்கங்கே வைத்துப் பாருங்கள்.

முள் நிற்கும் விதமும் முக்கியம். பலகைக்கு மேலே ஆறு முதல் எட்டு மில்லிமீட்டர், லேசாக வெளிப்பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும். நேராக நின்றால் துணி காய்ந்து இழுக்கும்போது நழுவி மேலே ஏறிவிடும். அதிகமாகச் சாய்ந்தால் எடுக்கும்போது கண்ணி கிழியும். ஆணி அடிப்பது போல முன்பக்கத்திலிருந்து வெறுமனே அடித்த முள் நாளடைவில் ஆடும். பின்பக்கத்திலிருந்து துளையில் செலுத்தி, மேலே ஒரு மெல்லிய பட்டை வைத்து மூடியதுதான் நிலைத்து நிற்கும். வளைந்த முள்ளை மாற்றவும் வசதி. இந்தச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது, அதற்காகவே நல்ல மதிப்பெண் கொடுக்கலாம்.

அடுத்து மரம். தேக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குபவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இங்கே மரம் ஈரத்துணியைத் தொட்டுக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கிறது. பூச்சில்லாத தேக்கின் எண்ணெய் ஈரத்தில் பழுப்பாக இறங்கும். வேங்கை அதைவிட மோசம், தண்ணீர் பட்டாலே சாயம் விடும். அந்தச் சாயமும் இரும்பும் சேர்ந்தால் மைக்கறுப்பு. சிக்கல்நாயக்கன்பேட்டை கலம்காரியில் கடுக்காய் ஏற்றிய துணியில் இரும்புக் கரைசலால் கறுப்புக் கோடு எழுதுவது இதே போன்ற துவர்ப்பும் இரும்பும் சேரும் சேர்க்கையால்தான். அங்கே அது கலை, திரையின் ஓரத்தில் அது கறை. எந்த மரமாக இருந்தாலும் நிறமில்லாத வார்னிஷ் இரண்டு கைப் பூச்சு, அறுத்த முனை உட்பட, இருக்க வேண்டும். முனைப் பூச்சைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். மரம் தண்ணீர் குடிப்பது அந்த வழியாகத்தான். வாங்கி வந்ததும் ஒரு பழைய வெள்ளைத் துணியை நனைத்து ஓர் இரவு பலகை மேல் போட்டுப் பாருங்கள், காலையில் உண்மை தெரிந்துவிடும்.

அளவு மாற்றும் வழி இரண்டு விதம். ஒன்று, அங்குலத்துக்கு ஒரு துளை போட்டு போல்ட் மாட்டுவது. நழுவாது, ஆனால் அரை அங்குலக் கணக்கு வராது. மற்றது, நீளப் பள்ளம் வெட்டி விங் நட் (கையாலேயே திருகும் இறக்கை வைத்த நட்) வைத்து இறுக்குவது. எந்த அளவுக்கும் வரும், ஆனால் ஈரத்துணி காயும்போது இழுக்கும் இழுப்பில் மூலை மெல்ல நகர்ந்துவிடும். இந்தச் சட்டம் பள்ள வகை. விங் நட்டுக்கு அடியில் கொடுத்திருக்கும் வாஷர் வழவழப்பானது. அதைக் கழற்றிவிட்டுப் பல் வைத்த வாஷர் போட்டுக்கொள்ளுங்கள். எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், அற்பக் காசு. போடாவிட்டால் சதுரம் சாய்சதுரமாகி, திரை முழுவதும் கோணிக்கொண்டு காயும்.

கீல் இதன் பலவீனம். எட்டரை அடிப் பலகை நடுவில் மடிகிற இடத்தில், துணியின் இழுப்பு உள்நோக்கி வளைக்கும். பூட்டுப் பட்டை இல்லாத கீல் என்றால் நடுவில் அரை அங்குலம் உள்ளே வந்து, திரைக்கு இடுப்பு விழும். இதில் பித்தளைப் பூட்டுப் பட்டை இருக்கிறது, ஆனால் ஒரே ஒரு திருகுதான். எட்டடி நீளத் திரை போடுபவர்கள் நெடும்பலகை இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுக்குக் கட்டை கேட்டு வாங்குங்கள். அல்லது ஆசாரியிடம் சொல்லி ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். ஆறடிக்குள் என்றால் தேவையில்லை.

பலகைகள் ஒன்றை ஒன்று தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், அந்த நீட்டலிலும் முள் இருக்கும். முற்றத்தில் குழந்தைகள் ஓடும் வீட்டில் இது சும்மா விடக்கூடிய விஷயமில்லை. பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் கீறி அந்த முனைகளில் மாட்டிவிடுங்கள்.

பயன்படுத்தும் முறையில் தவறு நேர்வது பெரும்பாலும் ஒரே இடத்தில்: துவைத்த பிறகு அளப்பது. அளக்க வேண்டியது துவைப்பதற்கு முன், உலர்ந்த நிலையில். மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அகலம். இரண்டு ஓரத்திலும் நீளம். அந்த அளவுக்குச் சட்டத்தைப் பொருத்தி, மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடித்துப் பாருங்கள். இரண்டு குறுக்களவும் சமமாக இருந்தால்தான் சட்டம் மட்டம். பிறகு நட்டை இறுக்குங்கள்.

துவைப்பதில் தண்ணீர்தான் பெரிய கேள்வி. பல ஊர்களில் போர்த் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. வாளியில் பிடித்து வைத்தால் சில மணி நேரத்தில் மஞ்சளாகப் படியும். கடைசி அலசலை மட்டுமாவது குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரில் செய்யுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள். பழைய வேட்டியில் சுருட்டி அழுத்தினால் போதும்.

கஞ்சிக்கு, வடித்த சாதத்துக் கஞ்சி இருக்கிற வீட்டில் அதையே நாலு மடங்கு தண்ணீர் விட்டு, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டலாம். பருக்கை ஒன்று வலைக்கண்ணில் சிக்கினால் காய்ந்தபின் கல் மாதிரி நிற்கும். குக்கர் வீட்டுக்காரர்களுக்கு மரவள்ளி மாவு: இரண்டு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி, குளிர்ந்த நீரில் கரைத்துக்கொண்டு கொதிக்கும் நீரில் ஊற்றிக் கண்ணாடி மாதிரி தெளிகிற வரை கிளற வேண்டும். அரிசிக் கஞ்சியைவிட இது லேஸுக்குத் தெளிவாக நிற்கும். நீலம் போடுவதென்றால் கஞ்சியிலேயே இரண்டு சொட்டு.

மாட்டும் வரிசை தறிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆரி வேலை செய்பவர்களுக்கும் கைவந்ததுதான். மேல் நடு, கீழ் நடு, இடது நடு, வலது நடு என்று நான்கு முள் முதலில். பிறகு ஒவ்வொரு நடுவிலிருந்தும் இரண்டு பக்கமும் மாறி மாறி மூலையை நோக்கிப் போங்கள். மூலை கடைசி. மூலையில் தொடங்கினால் மிச்சத்துணி எல்லாம் நடுவில் வந்து குவியும். முள் ஏற வேண்டியது கரைப் பின்னலின் கெட்டியான கண்ணில். பூவுக்கும் கரைக்கும் நடுவே ஓடும் ஒற்றை நூலில் மாட்டினால் அறுந்துவிடும். கரை பிறை பிறையாக வெட்டியிருந்தால் ஒவ்வொரு பிறையின் நுனிக்கும் ஒரு முள். ஒரே அளவுள்ள திரை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டலாம், மூன்று வேண்டாம். நைந்த பழைய திரையை முழு அளவுக்கு இழுக்காதீர்கள், அரை அங்குலம் விட்டுப் பிடியுங்கள். காயும்போது துணி தானாக இறுகும், நீங்கள் இப்போதே வீணைத் தந்தி மாதிரி இழுத்து வைத்தால் அப்புறம் போக இடமிருக்காது.

நிழலும் காற்றும் போதும். சித்திரையில் தாழ்வாரத்தில் வைத்தாலே சீக்கிரம் காய்ந்துவிடும். ஆடிக் காற்றில் முட்டுக்காலை மட்டும் நம்பக் கூடாது. ஈரத்துணி மாட்டிய சட்டம் பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்துக் கவிழும். தூணோடு கட்டுங்கள். அடைமழைக் காலத்தில் வீட்டுக்குள் மின்விசிறிக்கு அடியில், சுவரிலிருந்து ஓரடி தள்ளி. அந்த மாதங்களில் கஞ்சி போடாமலே விரிப்பது நல்லது. கஞ்சித் துணி ஈரத்தில் பூசணம் பூக்கும், ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் அதுவே சாப்பாடு.

பீடத்துணிக்கு ஒரு சொல். நடுத்துணி கெட்டியான பருத்தி, சுற்றிலும் கையால் பின்னிய லேஸ் கரை என்றால், கரையை மட்டும் இழுத்தால் கரையும் துணியும் சேரும் தையலில் சுருக்கம் விழும். அந்தத் தையல் நேராக நிற்கும் அளவுக்கு மட்டுமே இழுங்கள். சட்டத்தின் குறைந்தபட்ச அகலம் பதினெட்டு அங்குலம். அதைவிட ஒடுங்கிய துணிக்கு இது உதவாது, தக்கைப் பலகையில் குண்டூசி குத்துவதுதான் வழி. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா. பல ஊர் ஆலயங்களிலும் மாதா திருநாளுக்கு முன்பு துணிகளெல்லாம் ஒரே வாரத்தில் துவைக்க வரும். அப்படி நிறையத் துணி வரும் இடத்துக்கு இந்த ஒரு சட்டம் பற்றாது, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் மாட்ட முடியாது.

அலுமினியக் குழாயில் கிளிப் வைத்த சட்டமும் இணையத்தில் வருகிறது. எடை குறைவு, மரச்சாயக் கவலை இல்லை. ஆனால் கிளிப்புக்குக் கிளிப் நாலைந்து அங்குல இடைவெளி. இடையில் துணி உள்வாங்கி, கரை முழுக்கத் தோரணம் கட்டியது மாதிரி வளைவு விழும். மேசைவிரிப்புக்கு அது போதும், லேஸ் திரைக்கு மரச்சட்டமே.

வேலை முடிந்ததும் முள்ளில் ஒட்டிய கஞ்சியைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்தி, மடித்துப் பழைய போர்வையில் சுற்றிப் பரணில் படுக்கை வாட்டில் வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் ஒரு மழைக்காலத்திலேயே நெடும்பலகை வில்லாகிவிடும். வாங்கும்போதே அதே உலோகத்தில் இருபது முள் உபரியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் ஒன்றிரண்டு வளைந்தால் தையல் கடைக் குண்டூசியை வைத்துச் சமாளிக்க நேராது.