எபாக்ஸி போட்ட சமையலறைத் தரை: கறை போனது, படலம் போகவில்லை

மைத்துனர் பென்னாகரத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். டைல்ஸ் வந்து இறங்கிவிட்டது. "மாமா, சமையலறைக்கு எபாக்ஸி போடச் சொல்கிறார்கள். சாதாரண கிரவுட்டைவிடப் பல மடங்கு விலை. நீங்கள் போட்டிருக்கிறீர்களே, போடலாமா வேண்டாமா?" என்று கேட்டார். கிரவுட் என்பது டைல்ஸ் இடுக்கை நிரப்பும் கலவை; சாதாரணமாக அது சிமெண்ட், எபாக்ஸி என்பது பிசின் வகை. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. எழுதிவிடுகிறேன், வீடு கட்டும் மற்றவர்களுக்கும் உதவட்டும்.

எங்கள் வீடு தர்மபுரி நகரத்தை ஒட்டி இருக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீர். 2013இல் அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியதிலிருந்து குடிநீர்க் கவலை குறைந்தது. ஆனால் பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் இன்னும் போர் தண்ணீர்தான். நம் மாவட்டத்துத் தண்ணீர் என்றதும் எல்லோரும் புளோரைடைப் பற்றியே பேசுகிறார்கள். அது பல்லையும் எலும்பையும் கெடுக்கும், தரையில் தடம் விடாது. டைல்ஸில் வெள்ளை வெள்ளையாகப் பூப்பது கால்சியமும் மக்னீசியமும். கடினத் தண்ணீர் காய்கிற இடமெல்லாம் அவை தங்கிவிடும். டைல்ஸ் இடுக்கு தரை மட்டத்தைவிட ஒரு நூல் தாழ்ந்திருப்பதால், தண்ணீர் கடைசியாகக் காய்வது அங்கேதான்.

எங்கள் சமையலறையில் முதலில் இருந்தது வெள்ளை சிமெண்ட் கிரவுட். போட்ட புதிதில் பளிச்சென்று இருந்தது. நாளடைவில் அடுப்படியில் பழுப்பு, சிங்க்குக்குக் கீழே கறுப்பு, கதவோரம் மண் நிறம் என்று ஒரே தரை மூன்று நிறமானது. சிமெண்ட் கிரவுட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. எண்ணெயோ மஞ்சளோ அழுக்குத் தண்ணீரோ, எது பட்டாலும் குடித்துவிடும்.

எங்கள் வீட்டில் இதற்கு மேல் புளி வேறு. மாசி, பங்குனியில் ஊரிலிருந்து மூட்டையாக வந்துவிடும். அம்மாவும் மனைவியும் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து ஓடு நீக்கி, தட்டி, நாரும் கொட்டையும் எடுப்பார்கள். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். அமிலத்துக்கும் சிமெண்ட்டுக்கும் ஆகாது. அவர்கள் உட்காரும் மூலையில் மட்டும் இடுக்கு சொரசொரத்து, பள்ளமாகி, நகத்தால் கீறினால் மாவாக உதிரத் தொடங்கியது. மற்ற இடங்களில் கறை மட்டும்தான், இங்கே கிரவுட்டே கரைந்துபோயிருந்தது.

இப்படிக் கறை பிடித்த தரைக்கு ஊரெல்லாம் சொல்லும் வைத்தியம் ஆசிட். டைல்ஸ் ஒட்டுகிறவர்களே சொல்கிறார்கள், கடைக்காரர்களும் எடுத்து நீட்டுகிறார்கள். இது எனக்குக் கடுங்கோபம் வரும் விஷயம். ஆசிட் பட்டதும் இடுக்கு நுரைத்துப் பொங்கும். பார்ப்பவர்கள் அழுக்கு கிளம்புவதாக நினைத்துக்கொள்கிறார்கள். கிளம்புவது சிமெண்ட். மேல் தோல் கரைந்து புது வெள்ளை தெரியும், ஒரு மாதம் மகிழ்ச்சியாக இருக்கலாம். பிறகு அந்தச் சொரசொரப்பில் முன்னைவிட வேகமாக அழுக்கு ஏறும். கழிவறைக்கு ஊற்றும் அமிலத் திரவங்களும் இதையேதான் செய்யும். ஆசிட்டுக்கு முன்போ பின்போ பிளீச்சிங் பவுடர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து செய்யாதீர்கள்.

சிமெண்ட் கிரவுட்டுக்கு உண்மையில் கைகொடுப்பவை எளிய பொருட்கள்தாம். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சூடான நீரில் கரைத்த சலவை சோடா. கறைக்கு, சமையல் சோடாவில் மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றிக் குழைத்து இடுக்கில் பூசி, பத்து நிமிடம் விட்டு நைலான் பிரஷால் தேய்க்க வேண்டும். கம்பி பிரஷ் கூடவே கூடாது. மஞ்சள் கறையில் சோடா பட்டதும் சிவந்துவிடும். பயப்பட வேண்டாம், மஞ்சளின் குணம் அது. கழுவிக் காயவிட்டு, ஜன்னல் வெயில் விழும் இடமாக இருந்தால் வெயிலே மிச்சத்தை வெளுக்க வைக்கும். கடைசியில் காய்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டால் உப்பு பூக்காது.

இதையெல்லாம் செய்து சலித்துத்தான் எபாக்ஸிக்கு மாறினோம். பழைய கிரவுட்டை அதிர்வு மெஷினின் பிளேடால் சுரண்டி எடுத்தார்கள். வீடெங்கும் தூசி, இரண்டு டைல்ஸ் ஓரத்தில் சில்லு பெயர்ந்தது. அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

எபாக்ஸியைப் பற்றி நல்லது சொல்ல வேண்டுமானால் மனம் நிறையச் சொல்வேன். பிசினும் கெட்டியாக்கும் திரவமும் நிரப்புத் தூளும் சேர்ந்து இறுகிய பொருள் அது. தண்ணீரைக் குடிக்காது, புளிக்கு அசையாது. இரவு கொட்டிய சாம்பார் காலையில் காய்ந்து ஒட்டியிருந்தபோது ஈரத்துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டுவைத்துத் துடைத்தேன். இடுக்கில் மஞ்சள் சாயல்கூட இல்லை. கேழ்வரகுக் களி கிண்டும்போது பானையைத் தரையில் இறக்கிவைத்துத்தான் கிண்டுவோம். தெறிக்கும் மாவு காய்ந்தால் சிமெண்ட் இடுக்கில் கல்லாகிவிடும், எபாக்ஸியில் செதிலாகப் பெயர்ந்து வருகிறது. புளி தட்டும் மூலை போட்ட அன்று போலவே வழவழப்பாக இருக்கிறது. அம்மாவுக்கு இதில் பெரிய நிம்மதி. குனிந்து தேய்க்கும் வேலையே அவருக்கு இல்லாமல் போய்விட்டது. பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டுகள் விட்ட வெந்நீர், ஒரு மாப், அவ்வளவுதான். மாப் தண்ணீரை மட்டும் பாதியில் மாற்றிவிட வேண்டும். அழுக்குத் தண்ணீரிலேயே கடைசிவரை துடைத்தால் எந்த கிரவுட்டாக இருந்தாலும் இடுக்கெல்லாம் கறுப்புக் கோடுதான்.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்தத் தரையைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. காரணம் அந்தப் படலம்.

எபாக்ஸியைக் கலந்துவிட்டால் குறிப்பிட்ட நேரத்துக்குள் நிரப்பி, டைல்ஸ் மேல் பரவியதைக் கழுவி, சற்றுப் பொறுத்து இரண்டாம் முறையும் கழுவ வேண்டும். வெயில் காலத்தில் அந்த நேரம் சுருங்கும். கலவையை மொத்தமாக வாளியில் வைத்திருந்தால் தன் சூட்டிலேயே இன்னும் வேகமாக இறுகும். எங்கள் வீட்டில் வேலை நடந்தது சித்திரை வெயிலில். வந்தவர்கள் பாக்கெட் முழுவதையும் ஒரே தடவையில் கலந்தார்கள், மாலை மங்கும் நேரத்தில் அவசரமாக ஒரு முறை துடைத்தார்கள், கூலியை வாங்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் பின்கதவைத் திறந்து சாய்வெயில் உள்ளே விழுந்தபோதுதான் தெரிந்தது. பின்கதவிலிருந்து அடுப்படிவரை, சொரசொரப்பான டைல்ஸ் முழுக்கப் பாலைத் தெளித்துத் துடைத்தாற்போல ஒரு மங்கல். வட்ட வட்டமாக ஸ்பாஞ்ச் இழுத்த தடம் ஒவ்வொன்றும் தெரிகிறது.

வினிகரால் அதற்கு ஒன்றும் ஆகாது. அமிலத்துக்கு அசையாது என்று எதைப் பாராட்டினேனோ, அந்தக் குணமே இங்கே எதிரி. எபாக்ஸி படலம் நீக்கவென்றே ஒரு திரவம் விற்கிறார்கள். அதைப் பூசித் தேய்த்ததில் கொஞ்சம் போனது. படலத்தை இளக்குவது இடுக்கையும் இளக்கும் என்பதால் அழுத்தித் தேய்க்க முடியாது. மீதிப் படலம் இன்னும் அப்படியே இருக்கிறது, அதன்மேல் தூசி ஒட்டுகிறது. துடைத்து முடித்த தரை துடைக்காத தரையாகத் தெரிகிறது. வருகிறவர்கள் யாரும் இடுக்கு எவ்வளவு சுத்தம் என்று பார்ப்பதில்லை, "டைல்ஸ் ஏன் மங்கிவிட்டது?" என்றுதான் கேட்கிறார்கள். அந்த வேலையைச் செய்தவர்கள்மேல் எனக்கு இருக்கும் ஆத்திரம் ஆறவில்லை. அரை மணி நேரம் கூடுதலாக நின்று கழுவியிருந்தால் போதும்.

ஆகவே மைத்துனருக்கு என் பதில்: சிமெண்ட் கிரவுட்டே போடுங்கள். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரணாகத் தெரியலாம். ஆனால் சிமெண்ட் வேலை கெட்டால் சுரண்டிவிட்டு ஒரு வாரத்தில் மறுபடி போட்டுக்கொள்ளலாம். எபாக்ஸி வேலை கெட்டால் டைல்ஸும் சேர்ந்து கெடுகிறது.

வெள்ளை வேண்டாம், அடர் சாம்பல் நிறம் எடுங்கள். டைல்ஸை ஒட்டி ஒட்டிப் பதிக்க விடாதீர்கள். ஸ்பேசர் வைத்து 2 அல்லது 3 மில்லிமீட்டர் விடச் சொல்லுங்கள், இடைவெளி இல்லாவிட்டால் கிரவுட் ஆழம் இறங்காமல் பொருக்காகக் கிளம்பிவிடும். கலக்க போர் தண்ணீர் வேண்டாம், அதில் உள்ள உப்பு பின்னால் வெள்ளையாகப் பூக்கும். ஒகேனக்கல் தண்ணீரை ஒரு குடம் எடுத்துவைத்துக் கொடுங்கள், அதையும் அளந்து ஊற்றச் சொல்லுங்கள். நீர் கூடினால் கிரவுட் பலமிழந்து திட்டுத் திட்டாக வெளுக்கும். நன்றாக இறுகிக் காய்ந்தபின், துளைகளை அடைக்கும் சீலர் திரவத்தைப் பூசுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீரை இடுக்கில் விட்டுப் பாருங்கள்: முத்தாக நின்றால் சரி, உறிஞ்சிக் கறுத்தால் மறுபடி பூச வேண்டும். வீட்டில் யாரும் சமையலறைத் தரையில் புளி தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், திண்ணை இருக்கிறதே.

இல்லை, எபாக்ஸிதான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதமாக இருந்தால், ஆட்களைக் காலை ஆறு மணிக்கே வரச் சொல்லுங்கள். கால் கால் பாகமாகக் கலக்கச் சொல்லுங்கள். இரண்டாம் முறை கழுவி முடித்ததும் டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்து மூலை மூலையாக அடித்துப் பாருங்கள். மங்கல் தெரிந்தால் அப்போதே கழுவ வைத்துவிட்டு, பிறகு கூலி கொடுங்கள்.