ஜிம்னிக்கு 2 இஞ்ச் லிஃப்ட் போட்டு ரெண்டு வருஷம் ஓட்டின அனுபவம்

எங்க தோட்டம் கொல்லிமலைல, செம்மேட்டுல இருந்து உள்ள இறங்கிப் போகணும், மிளகும் காபியும் போட்டிருக்கோம். காரவள்ளில இருந்து 70 கொண்டை ஊசி வளைவும் தார் ரோடுதான், எந்த வண்டியும் ஏறிடும். கடைசி ஒன்றரை கிலோமீட்டர் மண் தடம்தான் ஆளைக் கொல்லும். மழை பேஞ்சா நடுவுல வாய்க்கா அறுத்துடும், ஒரு இடத்துல பாறை ஒண்ணு குறுக்கால எருமை முதுகு மாதிரி தூக்கிட்டு கெடக்கும். 2023 கடைசில மாருதி ஜிம்னி 5 டோர் வண்டி எடுத்தோம், ஃபோர் லோ (நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கற மெதுவான கியர்) போட்டா மத்த எல்லாத்தையும் அலட்டிக்காம ஏறுச்சு, அந்தப் பாறைல மட்டும் ஒவ்வொரு தடவையும் வயிறு தட்டும். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்சு பதறும்.

காரணம் என்னன்னா முன்னாடி ஏறுற கோணம் 36 டிகிரி, பின்னாடி இறங்குறது 50 டிகிரி, ரெண்டுமே அருமை, ஆனா நடு வயிறு தாண்டுற கோணம் 24 டிகிரிதான். வெளிநாட்டுல ஓடுற 3 டோருக்கு அது 28. நம்ம வண்டில ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல 340 எம்எம் கூட இருக்கறதால வர்ற குறை அது. அதுக்காகத்தான் லிஃப்ட் போட்டேன், அதாவது ஒசரமான ஸ்பிரிங் போட்டு வண்டியை 2 இஞ்ச் தூக்கினேன், அழகுக்காக இல்ல.

போடறதுக்கு முன்னாடியே எல்லாரும் புரிஞ்சுக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. லிஃப்ட் போட்டா பாடியும் சேசிஸும்தான் மேல போகும், அச்சு அங்கயேதான் இருக்கும். ஜிம்னில முன்னாடி பின்னாடி ரெண்டுமே ரெண்டு சக்கரத்தையும் சேர்க்கற ஒத்தை அச்சு, அது நடுவுல கியர் இருக்கற டிஃப்ரன்ஷியல் உருண்டை சக்கரத்தோட சேர்ந்து கீழயேதான் நிக்கும். லிஃப்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் நானே டேப் வெச்சு அளந்தேன், அதுக்கு அடில ஒரு எம்எம் கூட மாறல. அதைத் தூக்கணும்னா டயர்தான் பெருசாக்கணும், அதுலயும் கூடுற சைஸ்ல பாதிதான் கெடைக்கும். கம்பெனி டயர் 195/80 ஆர்15, கிட்டத்தட்ட 693 எம்எம் ஒசரம். நான் போட்டது 235/75 ஆர்15, 733 சொச்சம். 40 எம்எம் ஏறுச்சு, அச்சுக்கு அடில 20 தான் கெடைச்சுது. அந்த டயர் உரசாம சுத்தறதுக்கு எடம் குடுக்கறது லிஃப்ட், அதான் அதோட ரெண்டாவது பிரயோஜனம். டயர் மாத்தின பிறகு ஸ்பீடோமீட்டர் 80 காட்டினா நிஜத்துல 84, 85 போறோம், அது ஞாபகம் இருக்கணும்.

2024 ஜனவரில வெளியூர் ஒர்க்‌ஷாப் ஒண்ணுல ஸ்பிரிங், ஷாக்கப்சர் முழு செட்டா மாத்தினேன், கூலியோட 90 ஆயிரம் ஆச்சு. பழைய ஸ்பிரிங்கோட ஸ்பேசர்னு ஒரு கட்டை மட்டும் வெச்சுத் தூக்கினா செலவு கம்மிதான், ஆனா பழைய ஷாக்கப்சரே இருக்கறதால சக்கரம் கீழ தொங்கற நீளம் கொறைஞ்சு போகும், பள்ளத்துல இறங்கறப்ப டங்குன்னு இழுத்துக்கும், அதனால அந்தப் பக்கமே போகல.

தோட்டத்துக்குள்ள பலன் முதல் நாளே தெரிஞ்சுது. பாறை மேல மெதுவா ஏறி இறங்கினேன், சத்தமே இல்ல, இறங்கிப் போய் குனிஞ்சு பார்த்தா ரெண்டு விரக்கடை எடைவெளி. அவ்ளோ சந்தோஷம். வாய்க்கால குறுக்கா இறங்கறப்ப சக்கரம் முன்னை விட நீளமா தொங்குது, பிடிப்பு விடல.

ரோட்டுக்கு வந்தாத்தான் கதை வேற. சேலம் நாமக்கல் பைபாஸ்ல, புதுச்சத்திரம் கிட்ட ஒரு பாலத்து ஜாயின்ட்ல ஏறி இறங்கினதும் ஸ்டியரிங் ரெண்டு கையையும் உதறுற மாதிரி ஆடுச்சு, பக்கத்துல அம்மா, பின்னாடி பசங்க, 70 ல போய்ட்டிருக்கேன். மெதுவா வேகத்தைக் கொறைச்சு ஓரங்கட்டி நிறுத்தினப்ப கை நடுங்குச்சு. காஸ்டர்ங்கற பேரை முன்னாடியே கேட்டிருக்கேன், அது என்னன்னு ஒழுங்காப் படிச்சது அன்னிக்குத்தான். சைக்கிள் ஃபோர்க் சாஞ்சு இருக்கறதாலதானே கையை விட்டாலும் நேரா போகுது, அதே மாதிரி முன் அச்சுக்கும் ஒரு சாய்வு இருக்கு, பாடியைத் தூக்கினா அச்சை சேசிஸோட பிடிச்சிருக்கற ஆர்ம் சாஞ்சு அச்சு லேசா சுழண்டு அந்தச் சாய்வு கொறைஞ்சுடும். ஸ்டியரிங் லேசாகும், வளைவுல திருப்பினா தானா திரும்பி வராது, ஆட்டம் வரும். காஸ்டர் சரி பண்ற புஷ் (ஆர்ம் முனைல வர்ற ரப்பர்) போடணுமான்னு ஃபிட்டிங் அப்பவே கேட்டேன், 2 இஞ்சுக்கெல்லாம் தேவையில்லைன்னுட்டாங்க. தேவைங்க, கண்டிப்பா தேவை.

நாமக்கல்ல லாரிக்கு அலைன்மென்ட் பார்க்கற பெரியவர் ஒருத்தர்கிட்ட காட்டினேன். கீழ படுத்து டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "கண்ணு, வண்டியத் தொங்கப் போட்டுக்கிட்டே போல்ட்ட முறுக்கிட்டாங்க, அதான் ரப்பர் கிழிஞ்சிருக்குது"ன்னார். விரலை வெச்சுக் காட்டினார், புஷ் ஓரத்துல நகம் உள்ள போற அளவுக்குப் பிளவு. சக்கரம் தரைல நின்னு வண்டி வெயிட் முழுக்க இறங்கின பிறகுதான் ஆர்ம் போல்ட்டைக் கடைசியா டைட் பண்ணணுமாம், இல்லைன்னா ரப்பர் எப்பவும் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழிஞ்சுடும். அதோட பின் அச்சு ஒரு பக்கமா நகர்ந்திருந்துச்சு, ஒரு பக்க டயர் மட்டும் வெளிய துருத்திக்கிட்டு. அச்சு பக்கவாட்டுல நகராம பிடிக்கற, நீளம் அட்ஜஸ்ட் பண்ற பேனார்ட் ராடு, காஸ்டர் புஷ், கூலி எல்லாம் சேர்த்து இன்னொரு 27 ஆயிரம். இதை லிஃப்ட் செலவோட சேர்த்தேதான் கணக்கு போடணும். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் ஆட்டம் வரல.

பிரேக் ஹோஸையும் பார்த்துக்கோங்க. ஒருநாள் வாய்க்கால முன் சக்கரம் ஒண்ணு முழுசா தொங்கிட்டு நின்னப்ப எட்டிப் பார்த்தேன், ஹோஸ் கம்பி மாதிரி வெறச்சு நின்னுச்சு, இன்னும் ஒரு இஞ்ச் இறங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனைக்கவே பயமா இருக்கு. உடனே நீளமானது மாத்திட்டேன்.

ஸ்பிரிங் தேர்வுல நானும் ஒரு தப்பு பண்ணேன். மூட்டை ஏத்துவோமேன்னு பின்னாடி கனமானதா வாங்கிட்டேன். நாலு மூட்டை மிளகு இருந்தா வண்டி தேர் மாதிரி போகும், ஆனா மூட்டை ஏத்தறது வருஷத்துல கொஞ்ச நாள்தானே, மத்த நாளெல்லாம் காலியா ஓட்டறப்ப பின்னாடி உக்கார்றவங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. ஏழு மாசத்துல லைட் ஸ்பிரிங் மாத்தினேன். தினமும் என்ன லோடு போகுதோ அதுக்குத்தான் வாங்கணும்.

மைலேஜ் ஹைவேல 15 கிட்ட குடுத்துட்டிருந்தது இப்ப 12.5, இதுல டயர் பங்குதான் ஜாஸ்தி. பஸ்ஸு லாரி ஓவர்டேக் பண்றப்ப காத்து தள்ளுறது நல்லாவே தெரியுது, வளைவுல சாயறதும் கூட, நான் 80 தாண்டறதில்ல. ஹெட்லைட்டை இறக்கி வெச்சாகணும், எனக்கு எதிர்ல வர்றவங்க டிம் அடிச்சு அடிச்சுத்தான் புரிஞ்சுது.

சட்டத்தையும் மறைக்காம சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி கம்பெனி குடுத்த அமைப்பை மாத்தக் கூடாது, 2019 திருத்தத்துல வந்த 182ஏ படி அனுமதியில்லாம மாத்தினா ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டுமே கூட சேர்த்துப் போடலாம். இன்சூரன்ஸ்காரங்ககிட்டயும் மறைச்சா கிளெய்ம் நேரத்துல சிக்கல் வரும். இதெல்லாம் தெரிஞ்சே முடிவு எடுங்க.

இப்ப 31,000 கிலோமீட்டர் ஆச்சு. மறுபடி முதல்ல இருந்து பண்ணணும்னா மண்ணுக்கும் ரோட்டுக்கும் சேர்த்து வர்ற நல்ல ஏடி டயரை 215/75 ல போட்டு, அடில இரும்புத் தகடு மாட்டி ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்ப்பேன், அப்பவும் தட்டினா ஒன்றரை இஞ்ச், காஸ்டர் புஷ்ஷோட சேர்த்து. டவுன்லயே ஓட்டறவங்களுக்கு இது வேண்டவே வேண்டாம்.

இன்னும் தீராதது அம்மா ஏறுறதுதான். 68 வயசு, முட்டி வலி, சீட் முன்னை விட மூணு இஞ்ச் ஒசந்து போச்சு. சைடு ஸ்டெப் மாட்டலாம்னா அது கீழ தொங்கி அந்தப் பாறைல மறுபடியும் தட்டும், லிஃப்ட் போட்டதுக்கே அர்த்தமில்லாம போயிடும். அதனால ஒரு மர முக்காலி வண்டியிலயே கெடக்குது. அம்மா அதுல கால் வெச்சு ஏறினதும் எடுத்துப் பின்னாடி போட்டுக்கறேன்.