லைட்டர் சாக்கெட்டில் ஒரு வோல்ட் மீட்டர்: ஐட்லிங்கில் சார்ஜ் இறங்கும் காருடன் சில ஆண்டுகள்

சிங்கப்பூரில் சிஓஇ-யை (கார் வைத்திருக்க வாங்கும் பத்தாண்டு உரிமம்) புதுப்பித்து ஓட்டும் பத்து வயதுக்கு மேற்பட்ட ஜப்பானிய செடான் என்னுடையது. அதன் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகிய சின்ன வோல்ட் மீட்டர் பல ஆண்டுகளாக அங்கேயே இருக்கிறது. காருக்கென்று நான் வாங்கிய மலிவான பொருள்களில் அதிகம் உழைத்தது இதுதான். பழைய கார் வைத்திருக்கும் யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

வாங்கியதும் ஒரு வேலை செய்ய வேண்டும். லைட்டர் சாக்கெட்டுக்கு வரும் ஒயரிலும் ஃபியூஸிலும் கொஞ்சம் வோல்ட் இறங்கிவிடும். அதனால் பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். என் காரில் இது 0.2 வோல்ட் குறைத்துக் காட்டும். அதைக் கணக்கில் கொண்டால் எண்ணை நம்பலாம். எஞ்சினை அணைத்துச் சில மணி நேரம் கழித்து 12.6 இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் கிட்டத்தட்டப் பாதி காலி. எஞ்சின் ஓடும்போது 13.8-இலிருந்து 14.5 வரை இருக்க வேண்டும்; ஏர்கான், விளக்கு எல்லாம் போட்டு நின்றால் கொஞ்சம் குறையலாம்.

என் காரின் கோளாறு முதலில் தெரிந்தது, சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்கும் காஸ்வே சாலை நெரிசலில். ஆண்டு இறுதி மழை, வண்டி ஊர்ந்துகொண்டே இருக்கிறது, ஏர்கான், வைப்பர், முகப்பு விளக்கு, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் ஓடுகின்றன. மீட்டர் 12.1-க்கு வந்துவிட்டது. ஜோகூர் பக்கம் சாலை திறந்து வேகம் எடுத்ததும் 13.9. திரும்ப நின்றால் திரும்ப 12.1. அதாவது நிற்கும் நேரமெல்லாம் கார் பேட்டரியைத் தின்றுகொண்டிருந்தது.

ஐட்லிங்கில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது, ஆல்டர்னேட்டர் (எஞ்சின் பெல்ட்டில் சுழன்று காருக்கு மின்சாரம் தரும் கருவி) முழுத் திறனில் இயங்காது என்பது இயல்புதான். அதன் புல்லி எஞ்சின் புல்லியைவிடச் சிறியது. இரண்டரை, மூன்று மடங்கு வேகமாகச் சுழலும். எஞ்சின் நிமிடத்துக்கு 700 சுற்றில் இருக்கும்போது ஆல்டர்னேட்டர் 2,000 சுற்றையொட்டியே ஓடும். அதன்மீது எழுதியிருக்கும் ஆம்பியரைத் தர இன்னும் பல மடங்கு வேகம் வேண்டும். நல்ல ஆல்டர்னேட்டர் அந்தக் குறைந்த வேகத்திலும் ஏர்கானையும் விளக்கையும் தாங்கும். உள்ளே ஏதாவது பழுதானால் முதலில் அடி வாங்குவது இந்த ஐட்லிங் நிலைதான். வேகம் கூடினால் பழுது மறைந்துவிடும்.

ஒர்க்‌ஷாப்பில் நடந்ததும் அதுதான். ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2,000 சுற்றுக்கு மேல் வைத்துப் பார்த்தார்கள், 14.2 காட்டியது, "ஆல்டர்னேட்டர் ஓகே, பேட்டரிதான் போச்சு" என்றார்கள். புதுப் பேட்டரி போட்டும் அடுத்த நெரிசலில் அதே 12.1. அந்த ஒரு எண் கையில் இல்லாவிட்டால் இன்னொரு பேட்டரியும் வாங்கியிருக்க வேண்டியதுதான். சுமை எதுவும் இல்லாமல், எஞ்சினை முறுக்கி மட்டும் சோதிப்பதை ஐட்லிங் கோளாறுக்குச் சோதனை என்றே நான் ஏற்க மாட்டேன்.

பிறகு மல்டிமீட்டரை எடுத்து நானே வரிசையாகப் பார்த்தேன். பெல்ட் இறுக்கமாக இருந்தது, மழையில் கீச்சிடவும் இல்லை. எல்லாச் சுமையும் போட்டு, ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பெரிய போல்ட்டிலும் மற்றதைப் பேட்டரி பாசிட்டிவிலும் வைத்தால் வித்தியாசம் 0.1. நெகட்டிவ் பக்கம், ஆல்டர்னேட்டர் உடலுக்கும் பேட்டரிக்கும் இடையே, அதைவிடக் குறைவு. இவை 0.2-ஐத் தாண்டினால் துருவோ தளர்ந்த கேபிளோ காரணமாக இருக்கும். ஆல்டர்னேட்டரைக் கழற்றவே தேவையில்லை. கடைசியாக, எஞ்சின் ஓடும்போதே மீட்டரை ஏசிக்கு (மாறுதிசை மின்சாரம்) மாற்றிப் பேட்டரி முனைகளில் வைத்தேன். 0.5-க்குள் இருக்க வேண்டியது 0.9 காட்டியது. ஆல்டர்னேட்டர் உண்டாக்கும் ஏசியை டிசியாக (நேர்த்திசை மின்சாரம்) மாற்றுவது அதற்குள் இருக்கும் டயோடுகள். அதில் ஒன்று போயிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இந்த ஏசி சோதனையில் ஒரு எச்சரிக்கை. சில மலிவு மீட்டர்கள் பேட்டரியின் டிசியையே ஏசி என்று படித்துவிடும். எஞ்சினை அணைத்துவிட்டு ஒருமுறை அளந்து பாருங்கள். சுழியம் வர வேண்டும். இருபது சொச்சம் காட்டினால் அந்த மீட்டர் இந்த வேலைக்கு ஆகாது. முனைகளை மாற்றி வைத்தும் பார்த்துவிடுங்கள்.

சிங்கப்பூரின் காக்கி புக்கிட் பக்கம் இருக்கும் தமிழ்க்கார எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் எண்களை எழுதிக் கொடுத்தேன். "டைனமோவைக் கழட்டாமலே பாதி வேலைய முடிச்சிட்டீங்களே தம்பி," என்றார் அந்த அண்ணன். ஆல்டர்னேட்டரைத்தான் டைனமோ என்கிறார். பிரித்ததும் ரெக்டிஃபயரில் (டயோடுகள் இருக்கும் பகுதி) ஒரு டயோடின் அடி கருகிப் பழுப்பேறிக் கிடந்தது. கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்து, பென்சில் முனை அளவுக்குத்தான் வெளியே நீட்டியிருந்தன. பிரஷ் உரசி ஓடும் வளையமான ஸ்லிப் ரிங்கில் விரலை வைத்துக் காட்டினார். பிரஷ் ஓடிய இடம் பள்ளமாகத் தட்டுப்பட்டது. ரெக்டிஃபயரும் பிரஷ்ஷும் புதிது போட்டு, ரிங்கைத் தேய்த்துச் சமன் செய்து மாட்டினார். முழு ஆல்டர்னேட்டர் வாங்கத் தேவைப்படவில்லை. இப்போது அதே சுமையில் ஐட்லிங்கில் 13.5 நிற்கிறது.

எல்லாக் காரிலும் இதே கதையாக இருக்காது. ஸ்டார்ட் செய்ததும் 12.4-இலேயே நின்று, ஒருமுறை மிதித்ததும் 14-க்கு ஏறி, அப்புறம் ஐட்லிங்கிலும் இறங்காமல் இருந்தால் அது வேறு கோளாறு. டேஷ்போர்டின் பேட்டரி விளக்கு வழியாகத்தான் பல பழைய ஆல்டர்னேட்டர்களுக்கு, உள்ளே காந்தத்தை எழுப்பும் முதல் மின்சாரம் போகிறது. அந்த பல்பு போயிருந்தால் இப்படி ஆகும். ஏர்கான் போட்டதும் எஞ்சின் சுற்றே தாழ்ந்தால் த்ராட்டில் பாடியை (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பகுதி) சுத்தம் செய்ய வேண்டியிருக்கலாம். சில ஹோண்டா கார்களில் சுமை குறைவாக இருக்கும்போது எரிபொருளை மிச்சப்படுத்த கணினியே வேண்டுமென்று 12 சொச்சத்துக்கு இறக்கும். முகப்பு விளக்கைப் போட்டதும் 14-க்கு மேல் தாவினால் அங்கே பழுது எதுவும் இல்லை.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றி, வண்டி அணைகிறதா என்று பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து யாரையும் உங்கள் காரில் அதைச் செய்ய விடாதீர்கள். அந்த நொடியில் வோல்ட் எகிறி, ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டரையும் காரின் கணினியையும் பொசுக்கிவிடலாம்.

வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) கார்நிறுத்தத்தில் எஞ்சினை ஓடவிட்டு நேரம் எடுத்துச் சோதிக்கவும் முடியாது. நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம். அதனால்தான் இந்த மீட்டர் எனக்கு அவ்வளவு பிடிக்கிறது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது பார்க்கும் எண்ணே போதும். குறை என்றால் இரவில் அதன் வெளிச்சம் கண்ணைக் குத்தும். மேலே ஒரு கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். சாவியை எடுத்தபின்னும் உங்கள் சாக்கெட்டில் மின்சாரம் வந்தால், ஊருக்குப் போகும் வாரங்களில் மீட்டரைப் பிடுங்கி வைத்துவிடுங்கள்.