கினிப்பன்றிக் கூண்டு: கம்பி நன்று, கதவு போதாது

சிராங்கூன் நார்த் அவென்யூ 1-இல் உள்ள செல்லப்பிராணிக் கடைகளுள் ஒன்றில், எங்கள் இரண்டு கினிப்பன்றிகளுக்காக 168 வெள்ளிக்கு இக்கூண்டை வாங்கி ஐந்து மாதங்கள் ஆகின்றன. பெரிய வடிகாலை ஒட்டிய தரைவீட்டில் குடியிருப்பதால், தேர்ந்தெடுக்கும்போது பாம்பைத்தான் முதலில் எண்ணினோம். சிங்கப்பூரில் பாம்பைச் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதியில்லை என்றாலும், எலிகளைத் தேடி வடிகாலில் திரியும் மலைப்பாம்புக்கு அந்தச் சட்டம் தெரியாது.

மெல்பர்னில் உரிமம் பெற்று மலைப்பாம்பு வளர்க்கும் என் அக்காள் மகன், அதே வீட்டில் கினிப்பன்றிகளையும் வைத்திருக்கிறான். "மாமா, தலை நுழையும் இடைவெளி இருந்தால் உடலும் நுழைந்துவிடும், முதலில் கம்பியை அளந்து பாருங்கள்" என்றான். நான் பார்த்த மற்றக் கூண்டுகளில் கம்பிகளுக்கு இடையே ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் இருந்தது. இளம் பாம்புக்கு அதுவே தாராளம். இரையை விழுங்கியபின் வயிறு புடைத்து வெளியேற முடியாமல் கூண்டுக்குள்ளேயே பாம்பு காலையில் அகப்படுவதும் இதனால்தான். இக்கூண்டின் வலைக்கண் 1 சென்டிமீட்டரே. கம்பியும் கையால் அழுத்தினால் வளைவதில்லை. இந்த ஒன்றுக்காகவே விலை தகும்.

குறை கதவில் இருக்கிறது. மேலே மட்டும் ஒரு கொக்கி. கீழ் ஓரத்தைத் தள்ளினால் இரண்டு விரல் நுழையும் அளவுக்குப் பிளக்கிறது. மூக்கால் முட்டி முட்டி இடைவெளி தேடுவது பாம்பின் இயல்பு என்பதால் இதைச் சிறு குறையென்று ஒதுக்க முடியாது. இரும்புச் சாமான் கடையில் வாங்கிய இரண்டு கொக்கிகளைக் கீழே மாட்டியபின்தான் நிம்மதியாக உறங்கினோம்.

கம்பி வாயைத் தடுக்குமே தவிர வாசனையைத் தடுக்காது. மருமகன் பாம்பையும் கினிப்பன்றிகளையும் வெவ்வேறு அறைகளில் கதவடைத்து வைக்கிறான். கினிப்பன்றிகளைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் பாம்பிடம் போவதில்லை, இரையின் மணத்தில் அது கையையே கவ்விவிடக்கூடும். பாம்பைத் தொட்ட பின்பும் கழுவுகிறான்; அது சால்மொனெல்லாக் கிருமிக்காக. பாம்பின் வாடையை உணர்ந்தாலே கினிப்பன்றிகள் உணவைத் தொடாமல் ஒடுங்கிவிடலாம் என்று அவன் எச்சரித்ததால், பின்கட்டில் வைத்திருந்த கூண்டை உள்ளறைக்கு மாற்றினோம். பின்கட்டின் பிற்பகல் வெக்கையும் அவற்றுக்கு ஆகாது. சக்கரங்கள் இருந்ததால் நகர்த்துவது எளிதாயிற்று. அடித்தட்டு மட்டும் ஆழம் குறைவு, வைக்கோல் சிந்துகிறது.

கதவை மாற்றித் தருமாறு கடையில் கேட்டேன். "மாடி வீட்டுக்கு இது போதும் அண்ணே" என்றார் விற்பனையாளர். மாடி வீட்டுக்காரர்கள் அப்படியே வாங்கலாம். தரைவீட்டுக்காரர்கள் இரண்டு கொக்கிகளையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.