ஃபைனான்ஸ் இன்டர்ன்ஷிப் கோச்சிங்: மாக் இன்டர்வியூவுக்கு முழு மார்க், ரெஸ்யூமேவுக்கு முட்டை

சித்தி மகன் இந்த ஆன்லைன் கோச்சிங்கில் பணம் கட்டிச் சேர்ந்தபோது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், மாக் இன்டர்வியூவை (ஒத்திகை நேர்காணலை) மட்டும் தனியாகக் கொடுப்பார்களா என்று பார்க்கச் சொல்லியிருப்பேன். கொடுப்பதில்லை. வீடியோ பாடம், ரெஸ்யூமே திருத்தம், மாக் இன்டர்வியூ எல்லாம் சேர்ந்த மொத்த பேக்கேஜாகத்தான் வாங்க வேண்டும்.

நான் கடன் மதிப்பீட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு கம்பெனியின் கணக்கைப் படித்து, கடன் கொடுத்தால் திரும்பி வருமா என்று சொல்வதுதான் என் பிழைப்பு. இன்டர்ன் எடுக்கும் சீசனில் ரெஸ்யூமே கட்டு என் மேஜைக்கும் வரும். அந்தக் கட்டை உருவாக்குகிற இடம் எப்படி இருக்கும் என்ற ஆவலில் அவனோடு உட்கார்ந்து பாடம் முழுவதையும் பார்த்தேன்.

எக்செல் பாடம் அருமை. கீபோர்டிலேயே வேலை பழக, முதல் நாளே மவுஸைக் கழற்றி வைக்கச் சொல்லிவிடுகிறார்கள். கையால் அடிக்கும் எண் நீலத்தில், ஃபார்முலா கறுப்பில் என்ற வழக்கத்தைக் காரணத்தோடு சொல்கிறார்கள்: அடுத்தவர் ஃபைலைத் திறந்ததும் எது அனுமானம், எது கணக்கு என்று கண்ணிலேயே பிரிந்து தெரிய வேண்டும். வட்டி கடனைப் பொறுத்தது, கடன் ரொக்கத்தைப் பொறுத்தது, ரொக்கம் மறுபடி வட்டியைப் பொறுத்தது என்று ஃபார்முலா தன் வாலைத் தானே கடிக்கும் இடத்தையும் வேண்டுமென்றே வரவழைத்து அவிழ்த்துக் காட்டினார் அந்த ஆசிரியர். பல வருடம் வேலை பார்த்தவர்களே அங்கே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

டிசிஎஃப் பாடம், அதாவது ஒரு கம்பெனிக்கு வருங்காலத்தில் வரப்போகும் பணத்தை வைத்து அதன் இன்றைய மதிப்பைக் கணக்கிடும் பாடம், சுமார் ரகம். டெர்மினல் வேல்யூவுக்கு (கணித்த வருடங்களுக்கு அப்பால் வரும் பணத்தின் மதிப்புக்கு) வளர்ச்சி 3 சதவீதம் போடுங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் தள்ளுபடி விகிதம் 9 சதவீதமாக இருக்கும்போது அந்த 3-ஐ 4 ஆக்கினால் டெர்மினல் வேல்யூ 21 சதவீதம் எகிறும். மொத்த மதிப்பில் பெரும்பங்கு பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். அதைப் போய் ஒரே வரியில் கடந்தால் எப்படி? நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் அஸ்வத் தாமோதரன் தன் வகுப்பு வீடியோக்களையும் எக்செல் ஃபைல்களையும் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார். எந்தக் கம்பெனியும் காலாகாலத்துக்கும் பொருளாதாரத்தைவிட வேகமாக வளர முடியாது, அதனால் இந்த விகிதத்துக்கு ஒரு மேல்வரம்பு உண்டு என்று அவர் பொறுமையாக விளக்குவார். இந்தப் பகுதிக்காக யாரும் காசு கொடுக்க வேண்டாம்.

இனி ரெஸ்யூமே. இங்கேதான் எனக்குக் கோபமே வந்தது.

பக்கத்தை இரண்டாகப் பிரித்த ஒரு டெம்ப்ளேட். இடப்பக்கம் கலர் பட்டை, அதில் எக்செல்லுக்கு நான்கு நட்சத்திரம், பவர்பாயின்டுக்கு ஐந்து. யார் கொடுத்த நட்சத்திரம்? தலைப்பில், ‘நிதித்துறையில் தீராத ஆர்வமும் சவால்களைச் சந்திக்கும் துடிப்பும் கொண்ட மாணவன்’. இந்த வரியை எங்களுக்கு வரும் ரெஸ்யூமேக்களில் எத்தனையோ முறை அச்சுப் பிசகாமல் படித்திருக்கிறேன். ஊற்று எங்கே என்று இப்போதுதான் தெரிந்தது. எல்லோருக்கும் ஒரே வரியை எழுதிக் கொடுத்தால் படிப்பவருக்குக் கண் அடுத்த தாளுக்குத்தானே போகும்?

இதைவிடக் கொடுமை ஒன்று. தம்பி கல்லூரி விழாக் குழுவின் பணப் பொறுப்பைப் பார்த்தவன். ரசீதுகளையும் வங்கிக் கணக்கையும் வரி வரியாக ஒப்பிட்டு, ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் போயிருந்ததைப் பிடித்து, அதைத் திரும்ப வாங்கினான். ரெஸ்யூமே திருத்துபவர் அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘ஃபைனான்ஸ் சம்பந்தப்படவில்லை’ என்று குறிப்பு எழுதியிருக்கிறார். அடப்பாவமே, அந்தத் தாளிலேயே ஃபைனான்ஸ் சம்பந்தப்பட்டது அது ஒன்றுதான்! மேலே தூக்கி வைக்கச் சொன்னேன்.

மாக் இன்டர்வியூ எடுத்த பெண்மணி இந்தத் துறையில் வேலை பார்ப்பவர், கேள்வியிலேயே தெரிந்தது. ஆரம்பம் வழக்கமானதுதான்: தேய்மானம் (மெஷின் போன்ற சொத்தின் விலையை வருடாவருடம் செலவாகக் காட்டுவது) 10 கூடினால் லாப நட்டக் கணக்கு, கேஷ் ஃப்ளோ, பேலன்ஸ் ஷீட் ஆகிய மூன்று அறிக்கைகளும் எப்படி மாறும்? தம்பி மனப்பாடமாக ஒப்பித்தான். வரி 25 சதவீதம் என்றால் வரியில் 2.5 மிச்சம், நிகர லாபம் 7.5 குறையும், தேய்மானத்தில் காசு வெளியே போவதில்லை என்று கேஷ் ஃப்ளோவில் அந்த 10-ஐத் திரும்பக் கூட்டுவதால் ரொக்கம் 2.5 ஏறும், மெஷின் மதிப்பு 10 குறைவதால் பேலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கம் மொத்தம் 7.5 இறங்கும், எதிர்ப்பக்கம் தக்கவைத்த லாபத்திலும் அதே 7.5 இறங்கும். சரியான விடை.

“அப்போ தேய்மானம் கூடினா கம்பெனிக்கு நல்லதா?” என்றார் அவர்.

பையன் திருதிருவென்று விழித்தான். அவர் விடவில்லை. தேய்மானம் ஏன் கூடியிருக்கும்? புது மெஷின் வாங்கியிருந்தால் அதற்கான காசு எப்போது வெளியே போனது? எதுவும் வாங்காமலே கூடியிருந்தால், பழைய மெஷினின் ஆயுளைக் குறைத்துப் போட்டார்களா? வரித்துறை இதே தேய்மானத்தைத்தான் ஏற்றுக்கொள்கிறதா, இல்லை அதற்கு வேறு அட்டவணையா? வேறு என்றால் அந்த 2.5 இப்போதைக்குக் கைக்கு வராதே? ஒவ்வொன்றாகக் கேட்டு, அவனையே யோசிக்க வைத்து, கடைசியில் ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையைத் திறந்து கணக்குக் குறிப்புகளில் இது எங்கே இருக்கும் என்றும் காட்டினார். கட்டிய பணத்துக்கான பலன் அந்த ஒரு அமர்விலேயே கிடைத்துவிட்டது.

“அக்கா, ஏன் சிலபஸ்ல இல்லாததைக் கேக்கறாங்க?” என்று பின்னால் புலம்பினான்.

“உள்ள வந்தா நாங்க இதைத்தான்டா கேப்போம்.”

லிங்க்டின் மெசேஜ் பாடத்தை அப்படியே தாண்டிவிடலாம். ‘உங்கள் பயணம் எனக்குப் பெரும் உத்வேகம்’ என்று எனக்கும் வருகிறது, பதில் போடுவதில்லை. எங்கள் துறை சார்ந்த ஒரு சின்ன, திட்டவட்டமான சந்தேகத்தோடு வந்தால் போடுகிறேன்.

விண்ணப்பக் காலண்டர் உருப்படியானது. நியூயார்க், லண்டன் பெரிய இன்வெஸ்ட்மென்ட் பேங்குகள் (கம்பெனிகளுக்கு முதலீடு திரட்டித் தரும் வங்கிகள்) கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே, சில சமயம் அதற்கும் முன்பே கதவைத் திறந்துவிடும் என்பது பல மாணவர்களுக்குத் தெரியாது. ஆனால் காலண்டர் முழுக்க இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்தான். கடன் மதிப்பீடு, ஆடிட், ட்ரெஷரி (கம்பெனியின் பண நிர்வாகம்), ரிஸ்க், இன்ஷூரன்ஸ் ஒன்றுக்கும் இடமில்லை. ஆள் எடுக்கும் இடங்களில் இவையும் நிறைய இருக்கின்றனவே என்று தம்பியிடம் சொன்னால், “அதெல்லாம் கிளாமர் இல்லக்கா” என்கிறான். என் முகத்துக்கு நேராகவே!

‘இடம் உறுதி, இல்லையேல் பணம் வாபஸ்’ என்ற விளம்பரத்தை நம்பிச் சேர வேண்டாம். வாரா வாரம் விண்ணப்பித்ததற்கு ஆதாரம், எல்லா டெஸ்டும் எழுதியதற்கு ஆதாரம் என்று நிபந்தனைப் பக்கம் நீண்டுகொண்டே போகிறது.

ரெஸ்யூமே டெம்ப்ளேட் பற்றி அவர்களுக்கே விரிவாக எழுதினேன். விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருளுக்கு ஏற்றபடி வடிவமைத்தது என்று பதில் வந்தது. பக்கத்தை இரண்டாகப் பிரித்தாலே அந்த மென்பொருள்கள் பல நேரம் வரிகளைக் கலந்து படிக்கும், நட்சத்திரத்தை எழுத்தாகவே எடுத்துக்கொள்ளாது என்று மறுபடி எழுதினேன். அதற்கு நன்றி சொல்லி, அட்வான்ஸ்டு கோர்ஸுக்குத் தள்ளுபடி கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள்.